முடிக்கு முன்னே வாக்கு

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷையர் பகுதியில் வொர்க்சாப் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பண்ணை நிலவுரிமை யார் கையில் இருந்ததோ அவருக்கு ஒரு கடமை இருந்தது. நாட்டுக்கு மன்னரோ அரசியோ முடிசூடும் நாளில் வலது கைக்கு ஒரு கையுறை கொண்டுவந்து தர வேண்டும். அவர் செங்கோலை ஏந்தியிருக்கும்போது அந்தக் கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நிலம் கைமாறினால் கடமையும் கூடவே போகும். 1953ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டுக்கு ஏற்பாடுகள் நடந்தபோது அந்த நிலவுரிமை ஒரு வணிக நிறுவனத்தின் பெயரில் இருந்தது. இப்படிப்பட்ட உரிமைகளை விசாரிக்கவென்றே கூடிய கோரிக்கை மன்றம், ஒரு நிறுவனம் இந்தப் பணியைச் செய்ய இடமில்லை என்று தள்ளிவிட்டது. கையுறையை அரசியிடம் கொடுக்கும் பொறுப்பு அமைச்சராக இருந்த லார்ட் உல்ட்டனுக்குப் போனது. ஒரு கையுறைக்கு இத்தனை விசாரணை எதற்கு என்று தோன்றலாம். பிரிட்டிஷ் முடிசூட்டு விழா எதற்காக நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் கிரீடத்தில் பதித்த கற்களைப் பார்ப்பதைவிட இந்த விசாரணையைப் பார்ப்பது நல்லது.

1952 பிப்ரவரி 6 அன்று ஆறாம் ஜார்ஜ் உறக்கத்திலேயே இறந்தபோது அவருடைய மூத்த மகள் எலிசபெத் கென்யாவில் இருந்தார். அந்தக் கணத்திலிருந்து அவர்தான் அரசி. யாரும் முடிசூட்டி வைக்கத் தேவையிருக்கவில்லை. பிரிட்டிஷ் சட்டப்படி அரியணை ஒரு நொடியும் காலியாக இருப்பதில்லை. முடிசூட்டு நடந்ததோ 1953 ஜூன் 2ல், ஏறக்குறைய 16 மாதம் கழித்து. அவர் மகன் மூன்றாம் சார்ல்ஸ் 2022 செப்டம்பர் 8ல் மன்னரானார், 2023 மே 6ல் முடிசூடினார். ஏற்கெனவே மன்னராகிவிட்டவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய விழா? பழைய ஆடம்பரத்தின் மிச்சம், அவ்வளவுதான் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரம் பிறப்பாலேயே வந்துவிடுகிறது. வந்த அதிகாரத்தைப் பலர் முன்னிலையில் கடமையோடு முடிச்சுப் போடத்தான் விழா தேவைப்படுகிறது. ஆயத்த வேலைகளையும், யாருக்கு என்ன பணி என்று பிரித்துக் கொடுக்கும் முறையையும், நிகழ்ச்சிகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையையும் கவனித்தால் இது விளங்கும்.

முதலில் பணிப் பங்கீட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கோயில்களில் நாதஸ்வரம் வாசிப்பவருக்கும் பூ கட்டுபவருக்கும் ஊழிய மானியமாக நிலம் விடப்பட்டிருந்ததைப் போல, இடைக்கால இங்கிலாந்தில் மன்னருக்கு நேரடியாக ஒரு ஊழியம் செய்வதையே வரியாகக் கொண்டு நிலம் கொடுக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊழியங்களில் சில முடிசூட்டு நாளுக்கு உரியவை. 1377ல் பத்து வயதுச் சிறுவனான இரண்டாம் ரிச்சர்டு முடிசூடியபோது, அவனுடைய சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட் தலைமையில் ஒரு மன்றம் கூடி, வாளை ஏந்துவது யார், விருந்தில் பரிமாறுவது யார், கை கழுவத் தண்ணீர் தருவது யார் என்று ஒவ்வொரு கோரிக்கையையும் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது. பிறகு 1953 வரை முடிசூட்டுகளுக்கு அந்த மன்றம் கூடியது. லண்டனை அடுத்த அடிங்டன் ஊரின் நிலவுரிமையாளர் ஒரு கிண்ணம் கஞ்சி சமைத்து மன்னர் முன் வைக்க வேண்டியிருந்தது. லிங்கன்ஷையரின் ஸ்க்ரிவெல்ஸ்பி பண்ணையை வைத்திருக்கும் டைமோக் குடும்பத்தின் பணி இன்னும் விசித்திரமானது. விருந்து நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் முழுக் கவசம் அணிந்து குதிரையில் வந்து, மன்னரின் உரிமையை மறுப்பவர் யாராவது இருந்தால் என்னோடு மோதட்டும் என்று அறைகூவி, இரும்புக் கையுறையைத் தரையில் வீச வேண்டும். கடைசியாக இது நடந்தது 1821ல், நான்காம் ஜார்ஜின் விழாவில். உரிமை பெற்ற டைமோக் ஒரு பாதிரியார் என்பதால் அவருக்குப் பதில் மகன் வந்தார். கூட்டத்தையும் இரைச்சலையும் கண்டு மிரளாத குதிரை வேண்டுமே, அதை ஒரு சர்க்கஸில் இருந்து கொண்டு வந்தார்கள். இன்று கவசமும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனாலும் 2023ல் அதே குடும்பத்துக்காரர் மன்னரின் கொடியை ஏந்தி நடந்தார்.

இவர்களெல்லாம் கடமை உணர்வால் போட்டியிட்டார்களா, கௌரவத்துக்காகவும் ஆதாயத்துக்காகவும் போட்டியிட்டார்களா என்று ஒருவர் கேட்டால், இரண்டாவதுதான் அதிகம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பணி முடிந்ததும் பொற்கிண்ணத்தை, மேசை விரிப்பை, மன்னர் படுத்த படுக்கையைக்கூடக் கூலியாகக் கேட்டவர்கள் உண்டு. இருந்தாலும் இந்த முறையின் அடிப்படையைக் கவனியுங்கள். எவ்வளவு பெரிய பிரபுவாக இருந்தாலும் வெறும் பார்வையாளராக வந்து உட்கார்வதில் பெருமை இல்லை. கையில் ஒரு வேலை இருந்தால்தான் பெருமை. வேலைக்கு ஆதாரமாக நிலம் இருந்தது. நிலத்துக்கு ஆதாரமாக மன்னரின் கொடை இருந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள் என்று ஊரறியக் காட்டிய நாள் அது. வொர்க்சாப் கையுறையை நிறுவனத்திடம் கொடுக்க மன்றம் மறுத்ததன் பொருத்தமும் இங்கேதான் இருக்கிறது. பங்குகளை விற்றுவிட்டு நாளைக்கே கலைந்துபோகக்கூடிய ஒன்றால் ஒரு மனிதக் கையைத் தாங்குவதாக வாக்குக் கொடுக்க முடியாது.

1831ல் நான்காம் வில்லியம் இந்த அலங்காரங்களில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தார். அவருடைய அண்ணன் நான்காம் ஜார்ஜ் தன் விழாவுக்கு ஏறக்குறைய 2,40,000 பவுண்டு செலவழித்திருந்தார். தம்பிக்கோ விழா நடத்துவதிலேயே விருப்பமில்லை. வற்புறுத்தலுக்குப் பிறகு, மிகக் குறைந்த செலவில் ஒப்புக்கொண்டார். விருந்து போனது, அதோடு கஞ்சிக் கிண்ணமும் கவச வீரரும் போனார்கள். பிறகு அவை திரும்பவே இல்லை. இந்தச் சிக்கனம் நமக்கு ஒரு சோதனை மாதிரி உதவுகிறது. கழிக்கக்கூடியதையெல்லாம் கழித்த பிறகு எது நின்றது? மக்கள் முன் நிறுத்தி ஏற்பைக் கேட்பது, மன்னர் சத்தியம் செய்வது, தைலம் பூசுவது, முடிசூட்டுவது, அரியணையில் அமர்த்துவது, மற்றவர்கள் விசுவாசம் தெரிவிப்பது ஆகிய இவைதான். செலவைக் குறைக்கும் ஆவலில் இருந்தவர்கள்கூட இவற்றில் கை வைக்கவில்லை.

இந்த வரிசையில்தான் விழாவின் உயிர் இருக்கிறது. 973ல் பாத் நகரில் எட்கர் மன்னருக்குப் பேராயர் டன்ஸ்டன் நடத்திய முடிசூட்டுதான் இன்றைய முறைக்கு மூலம் என்பார்கள். அப்போதே மன்னர் மூன்று வாக்குறுதிகள் தர வேண்டியிருந்தது: சமயத்துக்கும் மக்களுக்கும் அமைதி காப்பது, கொள்ளையையும் அநியாயத்தையும் தடுப்பது, தீர்ப்பில் நீதியும் இரக்கமும் காட்டுவது. 1308ல் இரண்டாம் எட்வர்டிடம் நான்காவது வாக்குறுதி ஒன்றும் வாங்கப்பட்டது. நாட்டுச் சமூகம் தேர்ந்துகொள்ளும் சட்டங்களைக் காப்பேன் என்பது அதன் சாரம். இரண்டாம் ஜேம்ஸ் சட்டங்களை மீறி ஆண்டு, 1688ல் நாட்டைவிட்டு ஓட நேர்ந்ததும் நாடாளுமன்றம் செய்த முதல் வேலைகளில் ஒன்று சத்தியத்தின் வாசகத்தைத் திருத்தியது. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட சட்டங்களின்படியே ஆள்வேன் என்ற சொற்கள் 1689ல் ஒரு சட்டத்தின் வழியே உள்ளே வந்தன. வெறும் சடங்கு என்றால் ஒரு புரட்சி முடிந்த கையோடு அதன் வாசகத்தை யாரும் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். சத்தியம் முடிந்த பிறகுதான் தைலம். தைலத்துக்குப் பிறகுதான் கிரீடம். வாக்குக் கொடுக்காத தலையில் கிரீடம் ஏறக் கூடாது என்பதை விழாவின் அமைப்பே சொல்கிறது.

தைலம் பூசும் கட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1953ல் அரசி அதுவரை அணிந்திருந்த செந்நிற அங்கியையும் நகைகளையும் கழற்றினார்கள். பொன்னிழை மின்னிய கவுனின் மேல் வேலைப்பாடே இல்லாத வெள்ளை உடை ஒன்றைப் போட்டு, 1300ஐ ஒட்டி முதலாம் எட்வர்டு செய்வித்த பழைய மர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான்கு பிரபுக்கள் மேலே ஒரு விதானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் அப்போது விலகிக்கொண்டன. பேராயர் ஒரு சிறு கரண்டியில் தைலத்தை ஊற்றி, கைகளிலும் மார்பிலும் தலையிலும் பூசினார். வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய அந்தக் கரண்டி 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; பேராயரின் இரண்டு விரல்கள் தோய்வதற்காக அதன் குழி நடுவில் ஒரு மேடு வைத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1649ல் முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டிய பிறகு அரச சின்னங்களை உருக்கியும் விற்றும் தீர்த்தபோது, அரண்மனை ஊழியரான கிளெமென்ட் கின்னர்ஸ்லி இந்தக் கரண்டியை 16 ஷில்லிங்குக்கு வாங்கி வைத்திருந்து, முடியாட்சி திரும்பியதும் கொடுத்தார். இன்று சூட்டப்படும் புனித எட்வர்டு கிரீடம் 1661ல் புதிதாகச் செய்தது. இரண்டு கிலோவுக்கும் மேல் எடை. கரண்டியோ அதைவிட ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு மூத்தது. நாட்டிலேயே உயர்ந்த பதவியில் இருப்பவர், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எளிய துணியில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சில நிமிடங்களைத்தான் விழாவின் மிகப் புனிதமான பகுதியாக அவர்கள் கருதுகிறார்கள்.

பிழையில்லாமல் இதையெல்லாம் நடத்தக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு வெகுகாலம் ஆனது. 1761ல் மூன்றாம் ஜார்ஜின் விழாவில் அரசு வாளையே மறந்துவிட்டு, லண்டன் மேயரின் வாளை இரவல் வாங்கினார்கள். மன்னருக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி வெளியேறப் பழக்கப்பட்ட லார்ட் டால்பட்டின் குதிரை, உள்ளே வரும்போதே பின்னோக்கி நடந்து மன்னரை நெருங்கியது. 1838ல் விக்டோரியாவின் சுண்டு விரலுக்குச் செய்த மோதிரத்தைப் பேராயர் அடுத்த விரலில் வலிந்து திணித்தார். ஒரு பிஷப் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, விழா முடிந்தது என்று அரசியிடம் சொல்லிவிட, அவரைத் திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. 1902ல் ஏழாம் எட்வர்டுக்கு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. ஜூன் 26ல் இருந்து ஆகஸ்டு 9க்குத் தள்ளிப்போன விழாவில், பார்வை மங்கிய எண்பது வயதுப் பேராயர் கிரீடத்தை முன்பின் மாற்றிச் சூட்டினார். 1937ல் ஆறாம் ஜார்ஜ் சத்தியத்தை வாசிக்க வேண்டிய வேளையில், பேராயர் பிடித்திருந்த புத்தகத்தில் அந்தப் பேராயரின் கட்டைவிரலே வரிகளை மறைத்துக்கொண்டிருந்தது.

1953ல் இதற்கெல்லாம் முடிவு கட்டத் தீர்மானித்தவர் விழாப் பொறுப்பைப் பரம்பரையாக வகிக்கும் ஏர்ல் மார்ஷல், நார்ஃபோக் கோமகன். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தை மாதக்கணக்கில் மூடி, வழக்கமாக இரண்டாயிரம் பேர் அமரும் இடத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் உட்காரும்படி படிப்படியாக இருக்கைகள் கட்டினார்கள். மரமும் இரும்பும் கொண்டுவருவதற்கு உள்ளேயே சிறு தண்டவாளம் போட்டார்கள். தைலம் இல்லை, இருந்ததை 1941ல் விழுந்த குண்டு அழித்துவிட்டது. புதிதாகத் தயாரித்தார்கள். தேவாலயத்தில் நடந்த ஒத்திகைகளில் அரசியின் இடத்தில் நார்ஃபோக் கோமகனின் மனைவி நடந்தார். அரசியோ அரண்மனை நடன மண்டபத்தில் தோளில் விரிப்புகளைக் குத்திக்கொண்டு நீண்ட அங்கியோடு நடக்கப் பழகினார். கனமான கிரீடத்துக்குக் கழுத்தைப் பழக்க, அதை அணிந்தபடியே வேலை பார்த்தார். இத்தனை ஒத்திகையும் வெறும் அழகுக்காக என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு அசைவும் குறிப்பிட்ட ஒருவரின் பொறுப்பாக இருக்கும் விழாவில், தவறு என்பது யாரோ ஒருவர் தன் கடமையைச் செய்யத் தவறியது என்றே ஆகும். ஆறாம் ஜார்ஜை அந்தக் கட்டைவிரல் அவ்வளவு பதறவைத்ததற்குக் காரணமும் அது மறைத்தது சத்தியத்தை என்பதுதான்.

இப்போது வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். முடிசூடாமலேயே ஒருவர் மன்னராக இருக்க முடியும் என்றால் இந்தச் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? எட்டாம் எட்வர்டு 1936 ஜனவரியில் அரியணை ஏறி டிசம்பரில் விலகினார்; 1937 மே 12 என்று குறித்திருந்த அவருடைய முடிசூட்டு நாளிலேயே தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார். சத்தியம் செய்யாத எட்வர்டு கையெழுத்திட்ட சட்டங்கள் எல்லாம் செல்லும். ஆகவே சட்டக் கண்ணோட்டத்தில் விழா தேவையில்லை என்பது சரி. ஆனால் மற்ற நாடுகளின் அனுபவத்தையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் கடைசி முடிசூட்டு 1873ல் நடந்தது. நார்வேயில் 1906க்குப் பிறகு இல்லை. நெதர்லாந்தில் 2013ல் வில்லெம் அலெக்சாண்டர் பதவியேற்றபோது கிரீடம் ஒரு மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. அவர் தலையில் ஏறவில்லை. பெல்ஜியத்தில் கிரீடம் என்ற பேச்சே இல்லை. என்றாலும் இவர்களில் பெரும்பாலோர் சத்தியத்தை விடவில்லை. பெல்ஜியத்தில் நாடாளுமன்றத்தின் முன் சத்தியம் செய்யும்வரை ஒருவர் மன்னரே ஆக முடியாது. பொன்னையும் தைலத்தையும் துறந்த நாடுகள் வாக்குறுதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது, விழாவின் சாரம் எது என்பதற்கு வெளியிலிருந்து கிடைக்கும் சாட்சி. அப்படியானால் பிரிட்டனும் மற்றதைக் கைவிடலாமே என்றால், கைவிடலாம்தான். 2023 விழாவுக்கு அரசுக்கு ஆன செலவு 7 கோடியே 20 லட்சம் பவுண்டு என்று கணக்கு வெளிவந்தது. அன்றாடச் செலவுகளுக்கே மக்கள் திணறிய காலத்தில் அந்தத் தொகையை உறுத்தலில்லாமல் கடந்துபோக முடியாது. சத்தியத்தைச் செய்ய ஒரு மண்டபமும் சாட்சிகளும் போதும்.

சத்தியம் நல்லதையே செய்யும் என்றும் சொல்லிவிட முடியாது. 1801ல் கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தரப் பிரதமர் பிட் முயன்றபோது, தன் முடிசூட்டுச் சத்தியத்துக்கு அது விரோதம் என்று மூன்றாம் ஜார்ஜ் மறுத்தார். பிட் பதவி விலகினார். அந்த உரிமை கிடைக்க 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சத்தியத்துக்கு உண்மையான பிடி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்தப் பிடி அநீதியின் பக்கமும் இறுகும் என்பதற்கும் இதுவே சான்று.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 1953ல் எலிசபெத் செய்த சத்தியத்தில் ஏழு நாடுகள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டன. கடைசிப் பெயர் இலங்கை. அன்று சிலோன் என்று அறியப்பட்ட அந்த நாட்டின் மக்களை அவர்களுடைய சட்டங்களுக்கும் வழக்கங்களுக்கும் ஏற்ப ஆள்வேன் என்று அரசி வாக்களித்தார். அவருடைய கவுனில் தாமரையும் பின்னப்பட்டிருந்தது. ஆனால் 1948லேயே அந்த நாட்டின் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. இதை எதிர்த்த கோடகன் பிள்ளை வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் வரை சென்றது. முடிசூட்டு நடந்த அதே 1953ல், அரசியின் பெயரால் இயங்கிய அந்த மன்றம் சட்டம் செல்லும் என்றது. அரசி அமைச்சர்களின் ஆலோசனைப்படி மட்டுமே நடக்கக்கூடியவர், அவரால் என்ன செய்திருக்க முடியும் என்பது நியாயமான பதில்தான். ஆனாலும் அந்த நாட்டுச் சட்டங்களின்படி ஆள்வேன் என்ற வாக்கு, அந்தச் சட்டமே வெளியே தள்ளியவர்களுக்கு எந்த நிழலும் தரவில்லை. முடிசூட்டுச் சத்தியம் ஆள்பவரைச் சட்டத்துக்குக் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை நீதிக்குக் கட்டுப்படுத்தும் வலிமை அதற்கு இல்லை. என் வாதத்தின் எல்லையை இந்த இடத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன்.

2023ல் விழாவை அமைத்தவர்கள் கடமையின் திசையைப் பல இடங்களில் சரியாகவே வைத்தார்கள். பழைய கோரிக்கை மன்றத்துக்குப் பதில் அரசுத் துறையில் ஒரு அலுவலகம் பணிகளைப் பிரித்தது. விருந்தினர் சுமார் 2,200 பேராகக் குறைந்தார்கள். அரச சின்னங்களை மன்னரிடம் தந்தவர்களில் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் ஒரு சீக்கியரும் ஒரு யூதரும் இருந்தார்கள். அந்த வொர்க்சாப் கையுறையின் வழிவந்த கையுறையைக் கொடுத்தவர் சீக்கியரான லார்ட் சிங். தேவாலயத்தில் நுழைந்ததும் ஒரு சிறுவன் வரவேற்க, நான் ஊழியம் பெற வரவில்லை, ஊழியம் செய்யவே வந்தேன் என்ற பொருளில் மன்னர் பதில் சொல்வதாகப் புதிதாக ஒரு பகுதியும் சேர்ந்தது. சறுக்கியது வேறு இடத்தில். பிரபுக்கள் வரிசையாக மண்டியிடும் வழக்கத்தை எடுத்துவிட்டு, வீட்டில் இருந்து பார்க்கும் பொதுமக்கள் எல்லோரும் மன்னருக்கு விசுவாச வாக்குச் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் வாசகத்தை மென்மையாக்கினார்கள். எதிர்த்தவர்கள் சொன்னது சரி. பிரபுக்கள் நிலமும் பட்டமும் பெற்றுக்கொண்டு மண்டியிட்டவர்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த குடிமகன் எதைப் பெற்றதற்காக வாக்குக் கொடுக்க வேண்டும்?

அதைவிடப் பெரிய குறையை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1953ல் நாடுகளைப் பெயர் பெயராகச் சொன்ன சத்தியம், 2023ல் ஐக்கிய ராச்சியத்தை மட்டும் பெயர் சொல்லிவிட்டு, உங்களுடைய மற்ற நாடுகள் என்று ஒரே தொடரில் முடித்துக்கொண்டது. அந்த மற்ற நாடுகள் 14. கனடாவும் ஆஸ்திரேலியாவும் அதில் உண்டு. ஜமைக்காவும் துவாலுவும் உண்டு. 14 பெயர்களையும் உரக்கச் சொல்ல அரை நிமிடம் போதும். இரண்டு மணி நேரம் நடந்த விழாவில் அந்த அரை நிமிடத்தை ஒதுக்கியிருக்க வேண்டும்.